யாழைக் காட்சிக்குச் செய்வதா, பாட்டுக்குச் செய்வதா?

கேள்வி: அரும்பாவூரில் மரச்சிற்ப வேலை செய்கிறேன். தாத்தா காலத்திலிருந்து இதே தொழில்தான். சாமி சிலை, வாகனம், தேர்ச் சிற்பம் என்று செய்துவருகிறோம். அண்மையில் வெளியூர்க்காரர் ஒருவர் வீட்டு வரவேற்பறையில் வைக்க யாழ் ஒன்று வேண்டும் என்றார். படத்தைப் பார்த்துச் செய்தேன். யாளித் தலையும் கொடி வேலைப்பாடும் நன்றாகவே அமைந்தன. என் மகள் தேவாரம் கற்கிறாள், சொந்தமாகப் பாட்டும் எழுதுகிறாள். "இது பேசுமா அப்பா?" என்று நரம்பைச் சுண்டிப் பார்த்தாள். பேசவில்லை. அன்று பிடித்தவள் இன்னும் விடவில்லை. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்று ஓர் இடம் இருக்கிறதாம். அங்கே வழக்கொழிந்துபோன தங்கள் மொழியில் புதுப்பாட்டு எழுதி, யாழ் போன்ற ஹார்ப் கருவியை மீட்டிப் பாடுகிறார்களாம். "நமக்கு அப்படி யாரும் இல்லையா?" என்று கேட்கிறாள். எங்கள் பக்கத்தில் அப்படி யாராவது வாழ்ந்தார்களா? எங்கள் பட்டறையில் ஒலிக்கும் யாழ் செய்ய முடியுமா? இதை நம்பி அவள் கற்கலாமா?

— மரச்சிற்பி ஒருவர், அரும்பாவூர், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: உங்கள் மூன்று கேள்விகளுக்கும் என் பதில் 'ஆம்' என்பதுதான். அப்படி ஒருவர் உங்கள் பக்கத்திலேயே பிறந்தார். ஒலிக்கும் யாழை உங்கள் பட்டறையிலேயே செய்யலாம். உங்கள் மகளும் கற்கலாம், ஆனால் எதை எதிர்பார்த்துக் கற்பது என்பதில் தெளிவு வேண்டும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உங்கள் பக்கத்து யாழ்ப்பாணர்

ஜெயங்கொண்டத்திலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில் இராசேந்திரப்பட்டினம் என்று ஓர் ஊர் வரும். கடலூர் மாவட்டத்து ஊர்தான் என்றாலும் அரியலூர் எல்லையை ஒட்டியது. அரும்பாவூரிலிருந்து ஒரே பகலில் போய்த் திரும்பிவிடலாம். தேவாரத்தில் அதன் பெயர் திருஎருக்கத்தம்புலியூர். அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவரான திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த மண் அது. காலம் ஏழாம் நூற்றாண்டு.

அவர் பாணர் குலத்தவர். மனைவி மதங்கசூளாமணியார் பாடுவதில் வல்லவர். இருவரும் ஊர் ஊராகச் சென்று இறைவனை இசையால் பாடிவந்தார்கள். மதுரைக் கோயிலில் பாடியபோது தரையின் ஈரம் யாழின் கட்டைத் தளர்த்திவிடும் என்று இறைவனே பொற்பலகை இடச் சொன்னதாகப் பெரியபுராணம் கூறுகிறது. மரவேலை செய்யும் உங்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கியிருக்கும். தோல் போர்த்த கருவி ஈரத்துக்கு அஞ்சும் என்பதை அந்நூலை எழுதிய சேக்கிழார் அறிந்திருந்தார். திருவாரூர்க் கோயிலில் யாழ்ப்பாணர் உள்ளே போக வடக்குத் திசையில் தனி வாயில் வகுக்கப்பட்டது என்றும் அதே நூல் சொல்கிறது. பாணருக்கு அன்றைய சமூகம் வைத்திருந்த இடம் எது என்பதும், இசை அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதும் இந்த இரண்டு செய்திகளிலேயே தெரிந்துவிடும்.

பிறகு சீர்காழிக்குச் சென்று திருஞானசம்பந்தரைக் கண்டார். அன்று தொடங்கி சம்பந்தர் பதிகம் பாட, யாழ்ப்பாணர் அதை யாழில் இசைத்துக்கொண்டே உடன் சென்றார். திருச்சாத்தமங்கையில் திருநீலநக்கர் வீட்டில் தங்கியபோது, யாழ்ப்பாணருக்கும் மனைவிக்கும் படுக்க இடம் கொடுக்கும்படி சம்பந்தர் சொன்னார். அந்தணரான நீலநக்கர் வேள்வித் தீ இருந்த வேதிகையின் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். தீ அணையாமல் முன்னிலும் ஓங்கி எரிந்ததாம்.

உங்கள் மகள் அவசியம் அறிய வேண்டிய நிகழ்ச்சி தருமபுரத்தில் நடந்தது. காரைக்காலை அடுத்த அந்த ஊர் யாழ்ப்பாணருடைய தாயார் பிறந்த ஊர். அங்கிருந்த உறவினர்கள், இவர் யாழில் வாசிப்பதால்தான் சம்பந்தரின் பதிகங்களுக்கு இத்தனை புகழ் என்று பேசினார்கள். யாழ்ப்பாணர் துடித்துப்போனார். யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடியருள வேண்டும் என்று சம்பந்தரிடம் அவரே வேண்டினார். சம்பந்தர் பாடினார். நரம்பு அந்த இசையைத் தொடர முடியாமல் தவித்தது. கருவியால் வந்த பழிதானே இது என்று யாழை உடைக்க ஓங்கினார் யாழ்ப்பாணர். சம்பந்தர் அதைக் கையில் வாங்கி, கருவிக்குள் அடங்கும் அளவுக்கு வாசித்தால் போதும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பதிகத்துக்கே யாழ்முரி என்று பெயர் வந்தது. இன்று அதை அடாணா ராகத்தில் பாடுகிறார்கள். அத்தலத்து இறைவனும் யாழ்மூரிநாதர்தான்.

யாழ்ப்பாணர் சம்பந்தரோடு ஆச்சாள்புரத்தில் சோதியில் கலந்தார் என்பது புராணம். அவருடைய குருபூசை வைகாசி மூலத்தில் வருகிறது. கதை அத்துடன் முடியவில்லை. இராசராச சோழன் காலத்தில் திருமுறை ஏடுகள் கிடைத்தபோது, அவற்றைப் பாடும் பண்முறை தெரிந்தவர் யாரும் இல்லை. எருக்கத்தம்புலியூருக்கு ஆள் அனுப்பி, யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கண்டு, அவரைக்கொண்டே தேவாரத்துக்குப் பண் வகுத்தார்கள் என்கிறது திருமுறை கண்ட புராணம். அந்தப் பெண்ணின் பெயரை நூல் சொல்லவில்லை. உங்கள் மகள் இன்று பாடும் பதிகங்களின் பண்ணமைப்பு அவர் வழியாக வந்தது என்பதே மரபு. உங்கள் பக்கத்து ஊர்ப் பெண் ஒருவர் தமிழிசைக்குக் கொடுத்த கொடை இது.

பாட்டும் நரம்பும் ஒரே கையில்

பாட்டைக் கட்டுபவரும் யாழை மீட்டுபவரும் ஒருவராகவே இருந்தார்களா என்று கேட்டால், சங்க காலத்துக்குப் போக வேண்டும். பத்துப்பாட்டில் பொருநர், சிறுபாணர், பெரும்பாணர், கூத்தர் ஆகியோரைப் புரவலரிடம் வழிப்படுத்தும் ஆற்றுப்படைகள் மட்டும் நான்கு. சீறியாழ் வைத்திருந்தவர் சிறுபாணர், பேரியாழ் வைத்திருந்தவர் பெரும்பாணர். தோளில் கருவியும் நாவில் பாட்டுமாக அவர்கள் வழிநடந்தார்கள்.

சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு வரும்போது ஆடலுக்கு ஓர் ஆசிரியர், இசைக்கு ஒருவர், பாட்டு இயற்ற ஒரு புலவர், யாழுக்கு ஒருவர் என்று பணி பிரிந்துவிடுகிறது. ஆனாலும் அதே காப்பியத்தின் கானல்வரியில் பாட்டும் நரம்பும் மீண்டும் ஒரே கையில் சேர்கின்றன. புகார்க் கடற்கரை. மாதவி யாழைச் சுருதி கூட்டிக் கோவலனிடம் நீட்டுகிறாள். அவன் தானே பாட்டுக் கட்டிப் பாடுகிறான். அவன் பாட்டில் வேறொரு பெண் இருப்பதாக நினைத்து, அவள் யாழை வாங்கித் தானும் பாட்டுக் கட்டிப் பாடுகிறாள். ஒருவர் பாட்டை மற்றவர் தவறாகப் புரிந்துகொள்ள, காப்பியத்தின் போக்கே மாறிவிடுகிறது. சொந்தப் பாட்டைத் தானே யாழில் இசைத்துப் பாடிய பெண்ணுக்கு நம் இலக்கியத்தில் முன்மாதிரி வேண்டும் என்றால் மாதவி இருக்கிறாள்.

யாழ் ஏன் மறைந்தது

யாழில் ஒரு சுரத்துக்கு ஒரு நரம்பு. செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு, பேரியாழுக்கு 21 என்று உரையாசிரியர்கள் கணக்குச் சொல்கிறார்கள். வீணையில் அப்படியில்லை. மெட்டின்மேல் ஒரே தந்தியை அழுத்தியும் இழுத்தும் பல சுரங்களையும் அவற்றுக்கு இடைப்பட்ட அசைவுகளையும் எடுக்கலாம். கமகம் நம் இசையின் உயிராக வளர வளர, அதற்கு ஏற்ற வீணை முன்னுக்கு வந்தது, யாழ் பின்தங்கியது. யாழ்முரி நிகழ்ச்சியே இந்த மாற்றத்தின் அடையாளம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுகளோடு வீணை இன்றைய வடிவம் பெற்றபோது யாழ் ஏற்கனவே ஏட்டுக்குள் போய்விட்டிருந்தது.

அதை ஏட்டிலிருந்து வெளியே எடுத்தவர் விபுலாநந்த அடிகள். மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவில் 1892இல் பிறந்த துறவி, கவிஞர், அறிவியல் படித்தவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அப்படியே. யாழின் உறுப்புகள், நரம்புகளின் சுருதிக் கணக்கு, சுரவரிசையை மாற்றிப் பாலை திரிக்கும் முறை, பண்கள், தேவார இசை என்று பல ஆண்டுகள் ஆராய்ந்து 'யாழ் நூல்' எழுதினார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது. 1947 ஜூன் 5, 6 தேதிகளில் சம்பந்தர் பாடல் பெற்ற திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றம் நடந்தது. அடிகளின் கணக்குப்படி செய்த யாழை அங்கே மக்கள் முன் இசைத்தும் காட்டினார்கள். அதே ஆண்டு ஜூலை 19இல் அடிகள் மறைந்தார். நூல் நிலைத்தது. வாசிப்போர் பரம்பரை அப்போது உருவாகவில்லை.

இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. சென்னையில் 'உரு' என்ற பெயரில் இசைக்கருவிப் பட்டறை நடத்தும் தருண் சேகர் என்ற இளைஞர், சங்க இலக்கிய வருணனைகளை வைத்து யாழை மீண்டும் வடிவமைத்தார். காட்சிக்கு வைப்பதோடு நிறுத்தாமல் அந்த யாழ் ஒலிக்கும் 'அழகி' என்ற புதுப்பாட்டை நண்பர்களோடு சேர்ந்து வெளியிட்டார். உங்கள் மகள் தேடுகிற ஆளுக்கு நம்மிடையே மிக அருகில் இருப்பவர் அவர்தான்.

பட்டறையில் செய்ய வேண்டியது

இப்போது உங்கள் வேலைக்கு வருகிறேன். நீங்கள் செய்த யாழ் பேசாததற்குக் காரணம் நரம்பில் இருக்காது. காட்சிக்குச் செய்யும் யாழில் பெரும்பாலும் பத்தர், அதாவது ஒலி எழும் அடிப்பெட்டி, கெட்டியாக இருக்கும், அல்லது மேலே மரப்பலகையே மூடியிருக்கும். ஒலிக்கும் யாழில் பத்தர் படகுபோல உள்ளே குடையப்பட்டு, வாய்ப்புறத்தில் தோல் இழுத்துப் போர்த்தப்பட்டிருக்க வேண்டும். பொருநராற்றுப்படை யாழை உறுப்பு உறுப்பாக வருணிக்கும்போது இந்தப் பத்தரையும் போர்வையையும் தைத்த விதத்தையும்தான் முதலில் சொல்கிறது. நரம்பின் அதிர்வு தோலுக்குப் போய், தோல் பத்தருக்குள் இருக்கும் காற்றை அசைக்கும்போதுதான் ஒலி பிறக்கிறது.

மரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வாகை, மா, மாவிலிங்கம், வேம்பு என்று ஒவ்வொன்றின் குணமும் கையில் தெரிந்த ஊர் அரும்பாவூர். ஒரே கட்டையில் சிலை எழுப்பும் அந்தத் திறத்துக்குத்தான் 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இசைக்கு வரும்போது மட்டும் சிற்பத்துக்கு நன்றாக வெட்டுக்கொடுக்கும் மரம் என்ற அளவுகோலை மாற்றிக்கொள்ளுங்கள். தஞ்சை வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலா பயன்படுவது அதன் ஒலிக்காக. பத்தருக்கு முதிர்ந்து நன்றாக உலர்ந்த பலாவையே முதலில் எடுத்துப் பாருங்கள். எடை குறைய வேண்டும் என்றால் குமிழ் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் ஆடுமாடு மேய்க்கும் இடையன் ஒருவன் குமிழின் உள்துளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டி வில்யாழ் செய்து வாசிக்கிறான். காட்டில் கிடைத்ததை வைத்தே யாழ் செய்த நாடு இது.

மரத்தின் குற்றங்களையும் நம் முன்னோர் எழுதிவைத்திருக்கிறார்கள். திருத்தக்க தேவரின் சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையை இசைப்போட்டியில் வெல்ல வந்த சீவகன், தன் முன் வைத்த கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுகிறான். நீரில் நின்று இளகிய மரம் இது, வெட்டுக்காயம் பட்ட மரம் இது, இடி விழுந்த மரம் இது என்று காரணமும் சொல்கிறான். உள்ளே நார் சிதைந்த மரம் அதிர்வை விழுங்கிவிடும். வெளிப்பார்வைக்குத் தெரியாத கீறல்கூட ஒலியில் தெரியும். கட்டையை வாங்கும்போது விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள். மங்கலாகப் பேசுகிற கட்டை சிலைக்குப் போகட்டும், தெளிவாகப் பேசுகிறதை யாழுக்கு வையுங்கள்.

அடுத்தது கோடு, அதாவது மேலே வளைந்து எழும் தண்டு. இங்குதான் சிற்பிகள் ஏமாறக்கூடும். கணக்கைப் பாருங்கள். 0.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் நரம்பை 60 சென்டிமீட்டர் நீளத்தில் கட்டி, நொடிக்கு 220 அதிர்வு என்ற சுருதிக்கு ஏற்றினால் இழுவிசை ஏறத்தாழ 4 கிலோ வரும். ஏழு நரம்புக்கு 28 கிலோ. பதினான்கு நரம்பு என்றால் 56 கிலோ. இரவும் பகலும் இந்தப் பாரம் கோட்டை முன்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். நேரான கட்டையை வளைவாக அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்படும். அந்த இடத்தில் என்றைக்காவது பிளக்கும். இயல்பாகவே வளைந்த கிளையையோ வேரையோ தேடி எடுங்கள். நார் வளைவோடு ஓடினால்தான் வலு.

இதற்குக் கண்முன் சான்று பர்மாவில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து சென்ற வில்யாழ் மரபின் உயிருள்ள வாரிசு என்று சொல்லத்தக்க 'சவுங் கௌக்' என்ற கருவியை அங்கே இன்றும் வாசிக்கிறார்கள். 16 நரம்பு. பத்தருக்கு நம் வேங்கையின் இனமான படவுக் மரம், போர்வைக்கு மான்தோல், கோட்டுக்குக் கருங்காலி இனத்து மரத்தின் வளைந்த வேர். இடக்கைப் பெருவிரலால் நரம்பை அழுத்திச் சுருதியை உயர்த்தும் உத்தியும் அவர்களிடம் உண்டு. ஒரு நரம்புக்கு ஒரே சுரம் என்ற கட்டைத் தாண்ட உங்கள் மகளும் இதைப் பழகிக்கொள்ளலாம்.

போர்வைக்கு ஆட்டுத்தோல் போதும். தோல்கருவி செய்பவரிடம் பதப்படுத்தி வாங்கி, ஈரமாக இழுத்துக் கட்டி நிழலில் காயவிடுங்கள். தோலின் அடியில் நடுவே ஒரு மெல்லிய மரச்சட்டம் ஓட வேண்டும், நரம்புகளின் கீழ்முனை அதில்தான் முடிச்சாகும். மேல்முனைக்குப் பழைய யாழில் திவவு என்ற வார்க்கட்டு இருந்தது. இன்று சுருதி நிற்க வேண்டும் என்றால் கிட்டாருக்குப் போடும் முறுக்காணியைப் போடலாம். பர்மாவிலும் போடுகிறார்கள். பழமைக்கு அதனால் குறைவு வராது. அலங்கார வேலையைக் கோட்டின் நுனியோடு நிறுத்துங்கள். பத்தரின் புறத்தில் ஆழமாகச் செதுக்கினால் சுவரின் கனம் ஓரிடத்தில் ஏறும், ஓரிடத்தில் இறங்கும், ஒலி கெடும். அழகு செய்யத் தெரிந்த கைக்கு இந்தக் கட்டுப்பாடு கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வேண்டும்.

முதலில் ஏழு நரம்பு யாழே செய்யுங்கள். பேரியாழ் பிறகு வரட்டும்.

மகள் கற்க வேண்டிய வழி

யாழுக்கு இன்று குரு பரம்பரை இல்லை. ஆனால் பண்ணுக்கு இருக்கிறது. ஓதுவார்கள் இருக்கிறார்கள், மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் தேவாரம் ஒரு பாடமாகவே இருக்கிறது. உங்கள் மகள் ஏற்கனவே தேவாரம் கற்பதால் பாதி வழி வந்துவிட்டாள். குரலில் உள்ள பண்ணை நரம்புக்குக் கொண்டுபோவதே மீதி வழி.

ஏழு நரம்புக்கும் பழம்பெயர்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இவற்றை ஹரிகாம்போதிச் சுரங்களுக்குக் கூட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான ஆய்வாளர் கருத்துப்படி அதுதான் செம்பாலை. பிறகு மூன்றாம் நரம்பான கைக்கிளையை மட்டும் அரைச் சுரம் தளர்த்தினால் கரகரப்பிரியா, பழைய பெயரில் கோடிப்பாலை. அதைப் பழையபடி ஏற்றிவிட்டு ஏழாம் நரம்பான தாரத்தை அரைச் சுரம் முறுக்கினால் சங்கராபரணம், அதாவது அரும்பாலை. ஒரே ஒரு நரம்பைத் தொட்டதும் பாட்டின் நிறமே மாறுவதைக் காது கேட்கும். இளங்கோவும் விபுலாநந்தரும் பக்கம் பக்கமாகச் சொன்ன பாலைத் திரிபை உங்கள் மகள் ஒரு மாலையில் விரலால் அறிந்துகொள்வாள்.

விரல் பயிற்சிக்கும் கானல்வரியே பாடநூல். வார்தல், வடித்தல், உந்தல், உருட்டல் என்று நரம்பைக் கையாளும் முறைகளுக்கு அங்கே பெயர்கள் உண்டு. வார்தல் சுட்டுவிரல் வேலை. வடித்தல் சுட்டுவிரலும் பெருவிரலும் சேர்ந்து நரம்பை உள்ளும் புறமும் வருடுவது. உரையோடு படித்து ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கலாம்.

அவள் கேட்ட கார்ன்வால் கதை

உங்கள் மகள் சொன்னது சரிதான். கார்னிஷ் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி ஆள் என்று பொதுவாகச் சொல்லப்படும் டாலி பென்ட்ரீத் 1777இல் இறந்தார். 1904இல் ஹென்றி ஜென்னர் அந்த மொழிக்கு ஒரு கையேடு எழுதி மீட்புக்கு வித்திட்டார். யுனெஸ்கோ முதலில் அதை அழிந்த மொழி என்று குறித்திருந்தது. பிறகு 2010இல் அந்தக் குறிப்பை மாற்றிக்கொண்டது. 2011 கணக்கெடுப்பில் அதைத் தம் முதன்மை மொழி என்று எழுதியவர்கள் 557 பேர். இத்தனை சிறிய கூட்டத்துக்குள்ளிருந்து க்வென்னோ என்ற பாடகி 2018இலும் 2022இலும் கார்னிஷ் மொழியில் இசைத்தொகுப்புகள் வெளியிட்டார். இரண்டாவது தொகுப்பு பிரிட்டனின் புகழ்பெற்ற மெர்க்குரி பரிசுக்கான பட்டியலில் இடம்பெற்றது.

உங்கள் குடும்பத்துக்கு இன்னும் நெருங்கிய கதை கார்னிஷின் உடன்பிறந்த மொழியான பிரெத்தோன் பேசும் பிரான்சின் பிரித்தானிப் பகுதியைச் சேர்ந்தது. அங்கே பழைய கெல்டிக் ஹார்ப் நூற்றாண்டுகளாக ஒலிக்காமல் கிடந்தது. ஜோர்ட் கோஷ்வெலு என்ற தந்தை அதைத் தன் கையால் மீண்டும் செய்தார். 1953இல் கருவி முடிந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. அந்த மகன்தான் ஆலன் ஸ்டிவெல். தந்தை செய்த கருவியில் கற்று, 1971இல் கெல்டிக் ஹார்ப்பின் மறுமலர்ச்சி என்ற பொருள்தரும் தலைப்பில் இசைத்தட்டு வெளியிட்டார். அடுத்த ஆண்டு பாரிசின் ஒலிம்பியா அரங்கில் பாடினார். பிரெத்தோன் மொழியில் பாட்டு எழுதினார், மேற்கத்திய மின்கிட்டாரையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். இன்று பிரித்தானியில் ஹார்ப் கற்கும் பிள்ளைகள் ஏராளம். தந்தை கருவியைச் செய்துவிட்டு அலமாரியில் வைத்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. மகன் பழைய பாட்டை மட்டும் வாசித்திருந்தாலும் இந்த அளவு நடந்திருக்காது.

தமிழுக்குக் கார்னிஷ் மொழிக்கு வந்த நெருக்கடி இல்லை. கோடிக்கணக்கானோர் பேசும் மொழி இது. நம்மிடம் மொழி வாழ்கிறது, கருவிதான் ஊமையாகக் கிடக்கிறது. அதனால் நம் வேலை எளிது. பாட்டுக்குக் காது கொடுக்க ஆள் இருக்கிறார்கள்.

நம்பிக் கற்கலாமா

யாழை மட்டும் நம்பி வயிறு நிறையும் என்று நான் சொல்லமாட்டேன். அரசுப் பணியிடமோ, தேர்வோ, சான்றிதழோ யாழுக்குத் தனியாக இருப்பதாக எண்ணி அவள் தொடங்கக் கூடாது. தேவாரப் படிப்பை முழுமையாக முடிக்கட்டும். விரும்பினால் வீணையோ வாய்ப்பாட்டோ உடன் கற்கட்டும். தொழிலுக்கு அது கைகொடுக்கும். யாழ் அவளுடைய சொந்தக் குரலாக வளரட்டும்.

ஒரு வேண்டுகோள். யாழ் கையில் கிடைத்ததும் சங்க காலத்துச் சேலையைக் கட்டிக்கொண்டு மேடையில் உட்கார்ந்து பழம்பெருமை பாடும் வேலைக்கு அவளை யாரும் இழுக்க வேண்டாம். பச்சைமலையைப் பற்றி, பட்டறையில் பறக்கும் மரத்தூளைப் பற்றி, தன் வயதுத் தோழிகளைப் பற்றி அவள் எழுதும் பாட்டு எதுவோ, அதை யாழில் பாடட்டும். பாணர்கள் தங்கள் காலத்து மனிதர்களைப் பற்றித்தான் பாடினார்கள். யாழ் மறைந்ததற்கு மரமோ தச்சரோ இல்லாமல் போனது காரணமில்லை. இசை வீணைப் பக்கம் சாய, யாழுக்கென்று புதுப்பாட்டு பிறப்பது நின்றது, அதனோடு கருவியும் நின்றது. மீண்டும் பாட்டு பிறந்தால் கருவியும் தானே எழும்.

உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். இனி யாழ் கேட்டு வரும் வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும், அலமாரிக்கா, வாசிக்கவா என்று கேளுங்கள். வாசிக்க என்று ஒருவர் சொன்னாலும் போதும், அவருக்கு ஒலிக்கும் யாழைச் செய்துகொடுங்கள். அதற்கு முன், முதல் யாழை உங்கள் மகளுக்குச் செய்யுங்கள். வரும் வைகாசி மூலத்தன்று இராசேந்திரப்பட்டினம் கோயிலுக்கு அதை எடுத்துச் சென்று, யாழ்ப்பாணர் சன்னிதியில் அவள் சம்பந்தர் பதிகம் ஒன்றும் தான் எழுதிய பாட்டு ஒன்றும் பாடட்டும். சுருதி சற்று விலகினாலும் பரவாயில்லை, பாடட்டும்.